பைத்தானிலிருந்து ஜாவாஸ்கிரிப்டுக்கு ஒரு தமிழ் லைப்ரரியைக் கொண்டுபோவது

கேள்வி இதுதான்: "தமிழ்ச் சொற்களைப் பகுத்து வேர்ச்சொல்லை எடுத்துத் தரும் பைத்தான் லைப்ரரி ஒன்று இருக்கிறது. சுமார் நாலாயிரம் வரி. சர்வர் இல்லாமல் உலாவியிலேயே ஓடும்படி இதை ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்ற வேண்டும். வரிக்கு வரி அப்படியே மாற்றுவதா, இல்லை புதிதாக வடிவமைத்து எழுதுவதா? எங்கெல்லாம் மாட்டிக்கொள்வேன்?"

வரிக்கு வரி மாற்றுங்கள். முதல் சுற்றில் அழகைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஃபங்ஷன் பெயர்கள்கூடப் பழையபடியே இருக்கட்டும். கோப்புகளின் பிரிவும் அப்படியே இருக்கட்டும். பைத்தான் கோப்பை இடப்பக்கமும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை வலப்பக்கமும் திறந்து வைத்தால் ஒரே வரிசையில் கண் ஓட வேண்டும். அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. இந்தப் பதிலில் எனக்கு முக்கியமானது அதுதான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் கொண்டுபோகப் போவது அந்த நாலாயிரம் வரி நிரலை அல்ல, அந்த நிரல் நடந்துகொள்ளும் விதத்தை. எந்தச் சொல்லைக் கொடுத்தால் என்ன வருகிறது, காலி ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால் என்ன வருகிறது, பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாகக் கொடுத்தால் எங்கே வெட்டுகிறது என்பதெல்லாம் எந்த ஆவணத்திலும் எழுதப்பட்டிருக்காது. பழைய நிரலை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே ஜாவாஸ்கிரிப்டில் ஒரு வரி எழுதுவதற்கு முன்னால், பழைய லைப்ரரியைப் பெரிய உரைத் தொகுப்பு ஒன்றின் மேல் ஓட்டி, உள்ளீடு, வெளியீடு இரண்டையும் வரிவரியாகக் கோப்பில் சேமியுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவின் முழுத் தரவையும் இறக்கிக்கொள்ளலாம். 1998 முதல் இயங்கிவரும் மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் இருக்கின்றன. செய்தித்தாள் தமிழ், பழைய இலக்கியத் தமிழ், வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்த தமிழ் மூன்றும் கலந்திருந்தால் நல்லது. இந்தக் கோப்புதான் உங்கள் சாட்சி. பழைய லைப்ரரியோடு வந்த டெஸ்ட்டுகள் போதாது. அவற்றை எழுதியவருக்கு எது சந்தேகமாக இருந்ததோ அதற்குத்தான் அவர் டெஸ்ட் எழுதியிருப்பார். எது இயல்பாக நடக்கும் என்று நினைத்தாரோ அதற்கு டெஸ்ட் இருக்காது. மொழி மாறும்போது உடைவதோ அந்த இயல்பான இடங்கள்தான்.

கடைசி வெளியீட்டை மட்டும் சேமித்தால் போதாது, ஒவ்வொரு கட்டத்தின் வெளியீட்டையும் சேமியுங்கள். "வீட்டுக்குள்ளிருந்து" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். முதலில் யூனிகோடு சீராக்கம் (ஒரே எழுத்து வெவ்வேறு விதமாகச் சேமிக்கப்பட்டிருந்தால் ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது), பிறகு எழுத்தெழுத்தாகப் பிரித்தல், பிறகு "இருந்து", "உள்", "கு" என்று பின்னிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றுதல், கடைசியில் "வீட்டு" என்பதை "வீடு" ஆக்குதல். முடிவில் தப்பு வந்தால், எந்தக் கட்டத்தில் இரண்டு மொழிகளும் பிரிந்தன என்பதை அந்த இடைநிலைக் கோப்புகள் உடனே காட்டிவிடும். அவை இல்லையென்றால் ஒரு வித்தியாசத்துக்கு ஒரு பகல் போகும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன், வேலை பார்த்த இடத்தில் இதேபோன்ற ஒரு பின்னொட்டு நீக்கி லைப்ரரியைப் பைத்தானிலிருந்து ஜாவாவுக்கு மாற்றும் பொறுப்பு எனக்கு வந்தது. பழைய நிரல் கண்ணுக்குப் பிடிக்கவில்லை. மாற்றும்போதே வகுப்புகளைப் புதிதாகப் பிரித்தேன், விதிகளின் வரிசையைச் "சரி" செய்தேன், இரண்டு பிழைகளையும் திருத்தினேன். மூன்று மாதம் கழித்து ஒப்பிட்டபோது பல நூறு சொற்களில் வெளியீடு மாறியிருந்தது. அவற்றில் எது நான் திருத்திய பிழை, எது நான் புகுத்திய பிழை, எது வரிசை மாறியதால் வந்தது என்று பிரிக்கவே முடியவில்லை. அந்தக் கிளையை அப்படியே விட்டுவிட்டு, பழைய நிரலை எழுத்துப் பிசகாமல் மறுபடியும் மாற்றினேன். ஐந்து வாரத்தில் முடிந்தது. திருத்தங்களை அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் செய்தேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் எத்தனை சொல் மாறியது, எந்தெந்தச் சொல் என்று சொல்ல முடிந்தது.

பெரிய குழுக்களும் இந்த வழிக்குத்தான் வருகின்றன. 2025 மார்ச்சில் மைக்ரோசாஃப்டின் டைப்ஸ்கிரிப்ட் குழு தன் கம்பைலரை டைப்ஸ்கிரிப்டிலிருந்தே கோ மொழிக்கு மாற்றுவதாக அறிவித்தது. ரஸ்ட் ஏன் இல்லை, அவர்களுடைய சொந்த மொழியான சி ஷார்ப் ஏன் இல்லை என்று அப்போது பெரிய விவாதம் நடந்தது. டைப்ஸ்கிரிப்டின் தலைமை வடிவமைப்பாளர் ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் சொன்ன காரணங்களில் முக்கியமானது, இருக்கிற நிரலின் அமைப்புக்குக் கோ மிக நெருக்கம் என்பது. அந்தக் கம்பைலரில் ஒன்றையொன்று சுற்றிச் சுட்டும் தரவுக் கட்டமைப்புகள் நிறைய. குப்பை நினைவகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் மொழி என்றால் ஃபங்ஷனுக்கு ஃபங்ஷன் அப்படியே கொண்டுபோகலாம். ரஸ்ட் என்றால் அந்தக் கட்டமைப்பையே மாற்றி யோசிக்க வேண்டும். பதினைந்து லட்சம் வரி கொண்ட விஎஸ் கோட் எடிட்டரின் நிரலைச் சரிபார்க்க 77.8 வினாடி ஆனது, புதியதில் 7.5 வினாடி என்றார்கள். அந்த வேகத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, இது "மறுபடி எழுதுதல்" அல்ல, "போர்ட்" (இருப்பதை அப்படியே வேறு மொழிக்குக் கொண்டுபோவது) என்பதில் அவர்கள் காட்டிய பிடிவாதம். பழைய கம்பைலர் பிழை சொல்லும் இடத்தில் புதியதும் அதே பிழையைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் உலகத்தில் பாதி நிரல்கள் நின்றுவிடும்.

உங்கள் துறைக்கே நேராகப் பொருந்தும் கதை ஒன்று உண்டு. ஆங்கிலச் சொற்களின் பின்னொட்டைக் கழற்றும் போர்ட்டர் ஸ்டெம்மரை மார்ட்டின் போர்ட்டர் முதலில் எழுதியது பிசிபிஎல் மொழியில். 1980-இல் கட்டுரையாக வெளியிட்டார். கட்டுரையைப் படித்துப் பலரும் பல மொழிகளில் எழுதினார்கள். போர்ட்டர் ஸ்டெம்மர் என்ற பெயரில் உலவிய பல நிரல்களில் பிழை இருந்தது. ஆய்வாளர்கள் அந்தப் பிழைகளோடே முடிவுகளை வெளியிட்டார்கள். பிறகு அவரே அதிகாரபூர்வ நிரலை வெளியிட்டார். கூடவே ஒரு மாதிரிச் சொற்பட்டியலையும், அதற்கு வர வேண்டிய விடைப்பட்டியலையும் வைத்தார். உங்கள் நிரலில் இந்தப் பட்டியலைப் போட்டு அந்த விடை வந்தால்தான் அது போர்ட்டர் ஸ்டெம்மர். அச்சான கட்டுரையிலிருந்து தன் நிரல் எங்கெங்கே விலகுகிறது என்பதையும் அவர் வெளிப்படையாகக் குறித்துவைத்தார். நான் மேலே சாட்சி என்று சொன்னது இதைத்தான்.

அவர் அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு மொழிக்கும் கையால் மாற்றும்வரை பிழை தீராது என்று, பின்னொட்டு விதிகளை எழுதுவதற்கென்றே ஸ்னோபால் என்ற சிறு மொழியை உருவாக்கினார். விதியை அதில் ஒருமுறை எழுதினால் போதும். அதன் கம்பைலர் சி, ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், கோ, ரஸ்ட் என்று நிரலை உருவாக்கித் தரும். ஸ்னோபாலில் இன்று தமிழுக்கும் ஒரு விதித்தொகுப்பு இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது தேடலுக்கான தோராயமான வேர் மட்டும்தான் என்றால், உங்கள் நாலாயிரம் வரியைத் தொடும் முன் அதை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரு வேலையை நீங்கள் பைத்தானில் இருக்கும்போதே செய்துவிடலாம். விதிகள் நிரலுக்குள் எங்கெங்கோ பதிந்து கிடக்கும்: பின்னொட்டுப் பட்டியல், சந்தி மாற்றங்கள், விதிவிலக்குச் சொற்கள். அவற்றையெல்லாம் உருவித் தனி ஜேசன் கோப்புகளாக வெளியே வையுங்கள். வெளியீடு ஒரு எழுத்துகூட மாறாமல் இருக்கிறதா என்று சாட்சிக் கோப்போடு ஒப்பிடுங்கள். என் கணிப்பில் இப்படிப்பட்ட லைப்ரரிகளில் பெரும்பகுதி இந்தப் பட்டியல்கள்தான். அவை தரவாகிவிட்டால் போர்ட் செய்ய வேண்டிய உண்மையான நிரல் மிகவும் சுருங்கிவிடும். ஒரே தரவுக் கோப்பை இரண்டு மொழிகளும் படிக்கும் என்பதால் பட்டியலைத் தட்டச்சு செய்வதில் வரும் பிழைகளும் இல்லாமல் போகும்.

இனி மாட்டிக்கொள்ளும் இடங்கள். தமிழ் உரை என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

"தமிழ்" என்ற சொல்லின் நீளம் என்ன? நமக்கு மூன்று எழுத்து. பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் ஐந்து என்கின்றன: த, ம, மேல்விலங்கு, ழ, புள்ளி. கோ, ரஸ்ட் இரண்டிலும் சாதாரணமாக நீளம் கேட்டால் 15 வரும், அவை யூடிஎஃப்-8 பைட்டுகளை எண்ணுவதால். ஸ்விஃப்ட் மட்டும் மூன்று என்று நம்மோடு ஒத்துப்போகும். பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் இங்கே ஒத்துப்போகின்றன என்று நிம்மதியடைந்துவிடாதீர்கள். பைத்தான் 3 எண்ணுவது யூனிகோடு குறியெண்களை (ஒவ்வொரு குறிக்கும் யூனிகோடு தரும் எண்), ஜாவாஸ்கிரிப்ட் எண்ணுவது யூடிஎஃப்-16 அலகுகளை, அதாவது பதினாறு பிட் துண்டுகளை. நாம் அன்றாடம் எழுதும் தமிழுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் முந்திரி, மாகாணி போன்ற பழைய பின்னக் குறிகள் 2019-இல் யூனிகோடு 12-இல் சேர்க்கப்பட்டபோது தமிழின் பழைய கட்டத்தில் இடமில்லாமல், பதினாறு பிட்டுக்கு வெளியே உள்ள தனிக் கட்டத்தில் வைக்கப்பட்டன. அந்த முந்திரிக் குறிக்குப் பைத்தானில் நீளம் 1, ஜாவாஸ்கிரிப்டில் 2. எமோஜிகளுக்கும் இதே கதைதான், சமூக ஊடக உரையில் அவை எங்கும் வரும். ஆகவே எத்தனையாவது இடம் என்ற எண்ணை (இன்டெக்ஸ்) போட்டு ஒவ்வொரு எழுத்தாக எடுக்கும் லூப்புகளை ஜாவாஸ்கிரிப்டில் அப்படியே எழுதாதீர்கள். ஸ்ட்ரிங்கை முதலில் குறியெண்களின் பட்டியலாக மாற்றிக்கொண்டு அதன்மேல் நடங்கள்.

எழுத்துப் பிரிப்புக்கு உலாவியிலேயே இன்டிஎல் செக்மென்டர் இருக்கிறதே, அதைப் பயன்படுத்தலாமா என்று தோன்றும். குரோமில் 2020 முதல் இருக்கிறது, ஃபயர்ஃபாக்ஸில் 2024-இல்தான் வந்தது. "தமிழ்" என்பதை அது த, மி, ழ் என்று சரியாகவே பிரிக்கும். ஆனால் "க்ஷ" என்பதை க், ஷ என்று இரண்டாக வெட்டும். தமிழ் லைப்ரரிகள் பல க்ஷ-வை ஒரே எழுத்தாக எண்ணும். உங்களுடையது எப்படி எண்ணுகிறது என்று பார்த்து அதையே செய்யுங்கள். பழைய லைப்ரரி கையால் எழுதிய பிரிப்பான் ஒன்றை வைத்திருந்தால், அது எவ்வளவு பழசாகத் தெரிந்தாலும் அதையே போர்ட் செய்யுங்கள். மொழி தரும் புதிய வசதிக்கு மாறுவது இரண்டாம் சுற்று வேலை.

உரையில் எதைத் தேட வேண்டும் என்பதைக் குறிகளால் எழுதும் ரெகுலர் எக்ஸ்பிரஷன்களில்தான் தமிழுக்குப் பெரிய ஆபத்து. "சொல்லில் வரக்கூடிய எழுத்து" என்பதற்கு எல்லா மொழிகளிலும் பின்சாய்கோடும் டபிள்யூவும் சேர்ந்த ஒரே குறிதான். பொருள்தான் மொழிக்கு மொழி வேறு. பைத்தானோடு உள்ளமைந்து வரும் ஆர்ஈ என்ற ரெகுலர் எக்ஸ்பிரஷன் தொகுதியில் அது யூனிகோடு எழுத்துகளை ஏற்கும், ஆனால் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக ஏற்காது. "தமிழ்" என்ற சொல்லைக் கொடுத்தால் "தம", "ழ" என்று இரண்டு துண்டுகள் கிடைக்கும். தமிழுக்கு நிரல் எழுதிய எல்லோரும் ஒருநாள் இதைப் பார்த்துத் திகைத்திருப்பார்கள். ஜாவாஸ்கிரிப்டில் அந்தக் குறி ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான். தமிழே அதற்குத் தெரியாது. கோ மொழியிலும் அப்படித்தான். ரஸ்ட்டில் பரவலாகப் பயன்படும் ரீஜெக்ஸ் என்ற லைப்ரரியில் உயிர்க்குறியும் புள்ளியும் சேர்ந்தே வரும், "தமிழ்" முழுதாகக் கிடைக்கும். ஆக ஒரே பேட்டர்ன் மூன்று மொழிகளில் மூன்று விடை தருகிறது, எதிலும் பிழைச்செய்தி வராது. சொல்லின் எல்லையைக் குறிக்கும் குறியும் இதையே நம்பியிருப்பதால் அதுவும் கூடவே மாறும்.

பைத்தான் நிரலை எழுதியவர் இந்தச் சிக்கலைத் தெரிந்தே ஏதோ ஒரு மாற்றுவழி வைத்திருப்பார்: தமிழ்க் கட்டத்தின் முதல் எண்ணிலிருந்து கடைசி எண் வரை என்று ஒரு வரம்பு. அது இருந்தால் ஜாவாஸ்கிரிப்டுக்கு அப்படியே வரும், கவலையில்லை. தெரியாமல் எழுதியிருந்தால், உங்கள் லைப்ரரி இத்தனை ஆண்டுகளும் சில இடங்களில் சொற்களைத் துண்டாக்கிக்கொண்டே இருந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போதும் முதல் சுற்றில் அதே துண்டுகளைத்தான் உருவாக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் யூ கொடியோடு எழுத்து வகையை மட்டும் கேட்டு, குறி வகையைக் கேட்காமல் விட்டால் பைத்தானின் நடத்தைக்கு மிக அருகில் வரும். எண்களையும் அடிக்கோட்டையும் சேர்த்துக்கொள்ள மறக்காதீர்கள். வேண்டுமென்றே பிழையை எழுதுவது கைக்கு வராதுதான். ஆனாலும் செய்யுங்கள், பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி வையுங்கள்.

எண்களில் நமக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பைத்தானில் "௧௨" என்ற ஸ்ட்ரிங்கை முழு எண்ணாக மாற்றச் சொன்னால் சமர்த்தாக 12 என்று தரும். ஜாவாஸ்கிரிப்ட் அதை எண்ணே இல்லை என்றுவிடும். இலக்கத்துக்கான ரெகுலர் எக்ஸ்பிரஷன் குறியும் பைத்தானில் தமிழ் இலக்கங்களை ஏற்கும், ஜாவாஸ்கிரிப்டில் ஏற்காது. பத்தைக் குறிக்கும் "௰" இன்னொரு வகை. அதைப் பைத்தானும் இலக்கமாக ஏற்காது, எண்மதிப்பு உள்ள குறி என்று மட்டும் ஒப்புக்கொள்ளும். பழைய பாடல் எண்கள், கல்வெட்டுப் பாடங்கள் உங்கள் உரையில் இருந்தால் இது கட்டாயம் வரும்.

சீராக்கத்தை ஒருபோதும் தள்ளிப்போடாதீர்கள். "கொடி" என்பதில் உள்ள கொ-வை ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, ஆனால் நீளம் ஒன்றில் 4, மற்றதில் 5. யூனிகோடின் என்எஃப்சி சீராக்கம் இரண்டையும் ஒன்றாக்கும், இரண்டு மொழிகளிலும் அது உள்ளமைந்தே இருக்கிறது. அது தீர்க்காதவையும் உண்டு. ஔகாரத்தை ஒற்றைக்கொம்போடு ள சேர்த்துத் தட்டச்சு செய்தால் சீராக்கம் அதைத் தொடாது. "ரி" எழுத வேண்டிய இடத்தில் துணைக்காலும் மேல்விலங்குமாகப் போட்டு "ஊாில்" என்று எழுதிய உரைகள் நிறைய, குறிப்பாகப் பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றப்பட்டவற்றில். உங்கள் பைத்தான் லைப்ரரியில் எங்கோ ஒரு மூலையில் காரணம் சொல்லாமல் ஓர் எழுத்து மாற்று வரி இருந்தால், இப்படி ஏதோ ஒன்றுக்காகத்தான் அது இருக்கும். புரியவில்லை என்று தூக்கிவிடாதீர்கள்.

வரிசைப்படுத்துவதும் அப்படித்தான். குறியெண் வரிசையில் ந-வுக்கு அடுத்தே ன வரும், ர-வுக்கு அடுத்தே ற வரும். அகராதி வரிசை அது அல்ல. பழைய லைப்ரரி குறியெண் வரிசையிலேயே அடுக்கியிருந்தால் நீங்களும் அதையே செய்யுங்கள். இந்த இடத்தில் ஜாவாஸ்கிரிப்டின் தனிக்குணம் ஒன்று: எதுவும் சொல்லாமல் வரிசைப்படுத்தச் சொன்னால் எண்களைக்கூட ஸ்ட்ரிங்காகப் பார்த்து 1, 10, 9 என்று அடுக்கும். பின்னொட்டுகளை நீளத்தின்படி அடுக்கி, நீளமானதை முதலில் கழற்றும் லைப்ரரியில் இது அமைதியாகப் பெரிய சேதம் செய்யும்.

தமிழைத் தாண்டியும் இந்த இரண்டு மொழிகளுக்கு நடுவே பள்ளங்கள் உண்டு. கண்டிப்பாக உங்களுக்கு எதிர்ப்படப் போகிறவற்றை மட்டும் சொல்கிறேன். பைத்தானில் காலிப் பட்டியல் பொய், ஜாவாஸ்கிரிப்டில் அது மெய். "முடிவு எதுவும் இல்லையென்றால்" என்று எழுதிய ஒவ்வொரு இடத்தையும் தேடித் திருத்த வேண்டும். பைத்தானில் ஸ்ட்ரிங் மாற்று எல்லா இடத்திலும் மாற்றும், ஜாவாஸ்கிரிப்டில் அதே பெயருள்ளது முதல் இடத்தை மட்டும் மாற்றும். எல்லாவற்றையும் மாற்ற வேறொரு ஃபங்ஷன் இருக்கிறது. பைத்தானில் டியூப்பிளை டிக்‌ஷனரியின் சாவியாக வைக்கலாம், உள்ளடக்கம் ஒன்றாக இருந்தால் ஒன்றுதான். ஜாவாஸ்கிரிப்டில் உள்ளடக்கம் ஒன்றாக இருந்தாலும் இரண்டு அரேக்கள் வேறு வேறு. "வேர், பின்னொட்டு" என்ற ஜோடிகளை செட்டில் போட்டு நகல்களை நீக்கும் நிரல் அங்கே எதையும் நீக்காது. பைத்தான் 3.7 முதல் டிக்‌ஷனரி சேர்த்த வரிசையைக் காக்கும். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண ஆப்ஜெக்ட், எண்போலத் தெரியும் சாவிகளை முன்னுக்கு இழுத்து ஏறுவரிசையில் வைத்துவிடும். மேப் பயன்படுத்துங்கள்.

பட்டியலின் எல்லையைத் தாண்டிப் படித்தால் பைத்தான் பிழை எறியும். சொல் பின்னொட்டைவிடச் சிறியதாக இருக்கும்போது அந்தப் பிழையைப் பிடித்து "இது பொருந்தாது" என்று முடிவு செய்யும் நிரல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட் பிழை எறியாது, வரையறுக்கப்படாத மதிப்பு என்று ஒன்றைக் கையில் கொடுக்கும். அது அடுத்த வரியில் ஸ்ட்ரிங்கோடு ஒட்டிக்கொண்டு, வேர்ச்சொல்லின் நடுவே அந்த ஆங்கிலச் சொல்லாகவே போய் உட்கார்ந்துவிடும். பிழையைப் பிடித்து ஓட்டத்தைத் திருப்பும் இடங்களை எல்லாம் முதலிலேயே பட்டியலிட்டு, நீளத்தை நேரடியாகச் சோதிக்கும் நிபந்தனைகளாக மாற்றுங்கள்.

கணக்கில்: -7-ஐ 3-ஆல் வகுத்த மீதி பைத்தானில் 2, ஜாவாஸ்கிரிப்டில் -1. 2.5-ஐ முழுமையாக்கினால் பைத்தானில் 2, ஜாவாஸ்கிரிப்டில் 3. லைப்ரரிக்குள் 64 பிட் ஹேஷ் கணக்கு இருந்தால் ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் 9007199254740991-க்கு மேல் துல்லியம் இழக்கும், பிட் கணக்குகளோ 32 பிட்டில் வெட்டும். பிக்இன்ட் என்ற பெரிய முழு எண் வகை தேவை.

ஒப்பிடும்போது கிடைத்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. நான் ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்றிய ஒரு சிறு லைப்ரரியில் சாட்சிக் கோப்போடு எல்லாம் ஒத்துப்போனது, ஒரே ஒரு சொல் தவிர. அகராதிப் பட்டியலின் முதல் சொல் அது. பைத்தானில் "அகராதியில் இல்லை" என்றது, ஜாவாஸ்கிரிப்டில் "இருக்கிறது" என்றது. காரணம், அந்தப் பட்டியல் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் குறி ஒன்று ஒட்டியிருந்தது. பைத்தானின் ஸ்ட்ரிப் அதை வெற்றிடமாகக் கருதாது, ஜாவாஸ்கிரிப்டின் டிரிம் அதையும் சேர்த்து நீக்கிவிடும். அகராதியின் முதல் சொல் எத்தனையோ ஆண்டுகளாகப் பைத்தான் லைப்ரரியில் இல்லாமலேயே இருந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. மூல லைப்ரரிக்குத் திருத்தம் அனுப்பினேன், அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். போர்ட் செய்பவர்தான் ஒரு நிரலைக் கடைசி வரி வரை படிக்கிறவர். பழைய லைப்ரரிக்கு அவர் செய்யக்கூடிய நன்மை இது.

இப்படிக் கண்டுபிடிக்கும் பிழைகளுக்குத் தனிக் கோப்பு வையுங்கள். முதல் வெளியீட்டில் பிழையோடே போர்ட் ஆகட்டும். பிறகு ஒரு திருத்தம், ஒரு கம்மிட், அந்தத் திருத்தத்தால் மாறிய சொற்களின் பட்டியல். முடிந்தால் இரண்டு மொழிகளிலும் சேர்த்தே திருத்துங்கள்.

எந்த வரிசையில் மாற்றுவது? வேறெதையும் நம்பியிராத கோப்பிலிருந்து மேலே போங்கள்: எழுத்து அட்டவணை, சீராக்கம், பிரிப்பான், பிறகு விதிகள், கடைசியில் வெளியுலகம் அழைக்கும் ஃபங்ஷன்கள். ஒரு கோப்பு சாட்சியோடு நூற்றுக்கு நூறு ஒத்துப்போகாமல் அடுத்ததைத் தொடாதீர்கள். ஃபிஷ் ஷெல்லை சி பிளஸ் பிளஸ்ஸிலிருந்து ரஸ்ட்டுக்கு மாற்றியவர்கள் 2023 தொடக்கத்தில் ஆரம்பித்து, பழைய மொழியும் புதிய மொழியும் ஒரே நிரலுக்குள் சேர்ந்து ஓடும்படி வைத்துக்கொண்டே ஒவ்வொரு பகுதியாக மாற்றினார்கள். முழுதும் ரஸ்ட்டான 4.0 பதிப்பு 2025 பிப்ரவரியில் வந்தது. உலாவியில் பைத்தானையும் ஜாவாஸ்கிரிப்டையும் அவ்வளவு எளிதாகச் சேர்த்து ஓட்ட முடியாது. அதனால்தான் கோப்பளவில் சாட்சி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

போர்ட் செய்யாமலே முடியுமா என்றும் ஒருமுறை யோசியுங்கள். பயோடைடு என்று ஒன்று இருக்கிறது, பைத்தானையே வெப்அசெம்பிளியாக உலாவிக்குள் கொண்டுவரும். உங்கள் லைப்ரரி தூய பைத்தான் என்றால் பெரும்பாலும் அப்படியே ஓடும். ஆனால் ஒரு சொல்லின் வேரை அறிய, கைபேசிக்காரர் பல மெகாபைட் இறக்க வேண்டும். அலுவலக உள்பயன்பாட்டுக்கு அது போதும். பொதுமக்கள் திறக்கும் பக்கத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். போர்ட் செய்துகொண்டிருக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் அது அருமையான கருவி: ஒரே பக்கத்தில் பழையதும் புதியதும் ஓடும், தாறுமாறான ஸ்ட்ரிங்குகளை உருவாக்கி இரண்டுக்கும் கொடுத்து எங்கே பிரிகின்றன என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். உண்மையான உரையில் வராத, இரண்டு புள்ளி அடுத்தடுத்து வருவது, உயிர்க்குறியில் தொடங்கும் சொல் போன்றவை அப்படித்தான் பிடிபடும்.

செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து மாற்றச் சொல்லலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கொடுக்கலாம், தட்டச்சு வேலை குறையும். ஆனால் அது தரும் ஜாவாஸ்கிரிப்ட் நன்றாகவும் இயல்பாகவும் இருக்கும் என்பதுதான் ஆபத்து. புரியாத அந்த எழுத்து மாற்று வரியைத் தேவையற்றது என்று நீக்கியிருக்கலாம், ரெகுலர் எக்ஸ்பிரஷனைத் "திருத்தி" இருக்கலாம். கண்ணால் படித்து இதைப் பிடிக்க முடியாது. ஒரு நேரத்தில் ஒரு ஃபங்ஷன் மட்டும் கொடுங்கள், சாட்சிக் கோப்பை அதன் கையில் கொடுக்காதீர்கள். விடையைப் பார்த்துவிட்டு விதிவிலக்காக எழுதிச் சமாளிக்கும் வாய்ப்பு உண்டு.

லைசென்ஸைப் பற்றிச் சுருக்கமாக. மொழி மாறினாலும் அது மூல நிரலிலிருந்து பிறந்த படைப்புதான். கதையை மொழிபெயர்த்தால் மூல ஆசிரியரின் உரிமை போய்விடாதது போலத்தான். மொசில்லாவின் எழுத்துக் குறியாக்கம் கண்டறியும் சி பிளஸ் பிளஸ் நிரலைப் பைத்தானுக்கு மாற்றி உருவான சார்டெட், அந்த மூலத்தின் காரணமாகவே எல்ஜிபிஎல் உரிமத்தில் வந்தது. உங்கள் பைத்தான் லைப்ரரி எம்ஐடி உரிமத்தில் இருந்தால் பதிப்புரிமைக் குறிப்பை அப்படியே எடுத்து வையுங்கள். ஜிபிஎல் என்றால் உங்கள் போர்ட்டும் ஜிபிஎல். சொற்பட்டியல்களுக்குத் தனி உரிமம் இருக்கலாம், அதையும் பாருங்கள். எழுதியவர் தொடர்புக்குக் கிடைத்தால் தொடங்கும் முன்பே ஒரு மடல் எழுதுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியடைவார்கள், அந்த விளங்காத வரிகளின் காரணத்தையும் சொல்வார்கள்.

முடித்து வெளியிடும்போது எந்தப் பதிப்பிலிருந்து, எந்தக் கம்மிட்டிலிருந்து மாற்றினீர்கள் என்பதை ரீட்மீயின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். மூல லைப்ரரி வளர்ந்துகொண்டே இருக்கும். ஆறு மாதம் கழித்து அங்கே நடந்த மாற்றங்களைக் கொண்டுவர அமரும்போது அந்த ஒரு வரிதான் தொடக்கப் புள்ளி. ஃபங்ஷன் பெயர்களைப் பழையபடியே வைக்கச் சொன்னதன் பலனும் அப்போதுதான் தெரியும்: அங்கே எந்த ஃபங்ஷன் மாறியதோ, இங்கே அதே பெயரைத் தேடினால் போதும். சாட்சிக் கோப்பையும் தரவுக் கோப்புகளையும் தனி ரெப்போவாக வைத்து இரண்டு லைப்ரரிகளும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும்படி செய்தால், நாளை வேறொருவர் கோட்லினுக்கோ ஸ்விஃப்ட்டுக்கோ மாற்ற வரும்போது அவருக்கு முதல் வாரத்து வேலை மிச்சம்.